தொழிற்பெயர் அறியாத சிகிச்சை

ஜவ்வாது மலைக் குழந்தைகளைப் பற்றிச் சமவெளியில் ஒரு தீர்ப்பு நெடுநாளாக உலவிவருகிறது. கைகால் இறுக்கத்தோடோ வளர்ச்சித் தாமதத்தோடோ வாழும் குழந்தைகளுக்கு ஆகுபேஷனல் தெரபி என்னும் சிகிச்சை கீழே நகரங்களில் கிடைக்கிறது. மலையிலிருந்து வருவோரோ இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். தாய்மார்களுக்குப் படிப்பில்லை, சொன்னால் விளங்குவதில்லை, வீட்டில் செய்யச் சொன்னால் செய்வதில்லை. ஆகவே அங்கே தெரபி எடுபடாது. இதை அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொண்டுள்ளம் படைத்தோர் சொல்லவும் கேட்டிருக்கிறோம். பின்காலனியம், விளிம்புநிலை என்றெல்லாம் மணிக்கணக்கில் உரையாடக்கூடிய இலக்கிய நண்பர்கள் சிலர் இதையே சற்று நயமான சொற்களில் சொன்னபோதுதான் இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தோம். மலைத் தாய்க்கு விளங்காத சிகிச்சை என்று ஒன்றிருந்தால், குறை அதை வடிவமைத்தவரிடம் இருக்கிறதா, தாயிடம் இருக்கிறதா என்ற கேள்வியையாவது முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

மருத்துவம் படிக்காத தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சொல் இருக்கிறது; அதில் நமக்கு வேலை உண்டு.

ஆகுபேஷனல் தெரபிக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. தொழில்முறைச் சிகிச்சை என்கிறார்கள், தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள், செயல்முறைச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். முதலிரண்டையும் கேட்கும் பெற்றோர், நான்கு வயதுப் பிள்ளைக்குத் தொழில் எதற்கு, தையல் கற்றுத்தரப் போகிறார்களா என்று திகைப்பது இயல்பே. எனவே ‘தொழில்’ என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்பது சிலரது யோசனை. நமக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணத்தில் தொழில் என்பது பிழைப்பைக் குறிப்பதன்று. உண்ணல், உடுத்தல், நடத்தல், குளித்தல், ஆடல் ஆகியவற்றைத்தான் தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறோம். ஆகுபேஷன் என்று அத்துறையார் கொள்ளும் பொருளும் இதுதான்: ஒருவர் தம் நாளை எந்தெந்தச் செயல்களால் நிரப்புகிறாரோ அவை. குழந்தைக்கு அது சோறுண்பது, சட்டை மாட்டுவது, கால் கழுவுவது, கூடப்பிறந்தோரோடு மல்லுக்கட்டி விளையாடுவது, பலகையில் எழுதுவது. இயன்முறை மருத்துவர் பெரிதும் தசையையும் மூட்டையும் அசைவையும் கவனிக்கிறார் என்றால், இவர் அந்த அசைவு எந்தச் செயலாக முடிகிறது என்பதைக் கவனிக்கிறார். (நடைமுறையில் இக்கோடு அவ்வளவு கறாரானதன்று. இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் செய்யவே செய்கிறார்கள். மலையில் இருவரையும் காண்பது அரிது என்பதால் அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.)

நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வினை என்றால் அது ஆறு பொருளைத் தரவேண்டும் என்பது அவர் கணக்கு. செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். உரைகாரர்கள் வனைந்தான் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு குயவனையும் சக்கரத்தையும் குடத்தையும் காட்டி இதை விளக்குவர். ஆறில் ஒன்று மாறினாலும் வினை மாறிவிடும். இந்தச் சூத்திரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற நமக்கு, தெரபி அறையொன்றை முதன்முதலில் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. பளபளக்கும் ஓடு பதித்த தரை. குழந்தையின் கைக்குமேல் சிகிச்சையாளரின் கை. மரப்பலகையிலுள்ள துளைகளில் பிளாஸ்டிக் முளைகளைச் செருகவேண்டும். எல்லாம் செருகியானதும் உருவிவிட்டு மீண்டும் செருகவேண்டும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி முதல் பதினொன்றே முக்கால் வரை. செய்பவர் குழந்தையா சிகிச்சையாளரா என்பது ஐயம். செய்யப்படும் பொருள் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. வீடு திரும்பும் குழந்தைக்கு முளையும் கிடையாது, பலகையும் கிடையாது, செவ்வாய்க்கிழமையும் அடுத்த மாதம்தான் வரும்.

புதூர்நாட்டுப் பக்கத்தில் நாம் கண்ட ஒரு சிறுவனைச் சொல்கிறோம். ஏழு வயது. உடம்பின் வலப்பாதி இறுகியவன். வலக்கை எப்போதும் முட்டியாக மூடியிருக்கும். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருந்தான். கீழே ஒரு மையத்தில் பல மாதம் முளை செருகப் பழகியிருந்தான். இடக்கையால் வெகு வேகமாகச் செருகுவானாம். அவனது பதிவேட்டில் முன்னேற்றம் என்றே எழுதியிருந்தது. ஆனால் கால்சட்டையின் நாடாவை அவிழ்க்கத் தெரியாது. அவசரத்துக்கு ஒதுங்கவேண்டுமென்றால் பாட்டி வேண்டும்.

ஒருமுறை இளம் சிகிச்சையாளர் ஒருவர் அவன் வீட்டுக்கே வந்தார். வந்தவர் பை எதையும் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆயா, இவனுக்கு என்ன செய்யணும்னு ஆசைன்னு இவனையே கேக்கலாமா?” என்றார். பாட்டி சிரித்தார். பையனோ கொஞ்சமும் யோசிக்காமல், “ஆட்டை அவுக்கணும்” என்றான். காலையில் ஆடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் செய்யும் காரியம். அவன் மட்டும் வேடிக்கை பார்ப்பவன்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் சிகிச்சை என்று சொல்வோம். முதலில் முடிச்சு மாறியது: ஒரே இழுப்பில் உருவிக்கொள்ளும் சுருக்காகப் பாட்டியே கட்டித்தந்தார். கயிற்றின் நுனியில் பழந்துணி சுற்றித் தடிப்பாக்கினார்கள், முட்டிக்கை பற்றிக்கொள்ள ஏதுவாக. கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றி, இடுப்பு முளைக்குச்சிக்கு நேராக இருந்தால்தான் கை தன் வேலையைச் செய்யும் என்று நிற்கும் இடத்தைக் காட்டினார் அந்தப் பெண். எல்லாவற்றையும் பாட்டி தளர்த்திவிட்டுக் கடைசி இழுப்பை மட்டும் பையனுக்கு விடவேண்டும். அது கைவந்ததும் அதற்கு முந்திய படியையும் அவனிடம் விடவேண்டும். இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போனால், ஒவ்வொரு நாளும் காரியத்தை முடித்தவன் அவனாகவே இருப்பான். ஆடு அவன் இழுத்ததால்தான் துள்ளி ஓடும். இந்தத் துறையின் பாடநூல்களில் இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. செயலைக் கூறுபடுத்துதல், கருவியைத் திருத்துதல், படிநிலை அமைத்தல், பின்னிருந்து கோத்தல். பாட்டிக்கு அப்பெயர்கள் தேவைப்படவில்லை. இரண்டாம் வாரமே, குச்சியை இன்னும் கொஞ்சம் சாய்த்து நட்டால் அவனுக்கு எளிதாக இருக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான்! விளங்காது என்று தீர்ப்பெழுதப்பட்ட அதே பாட்டி.

ஆட்டுக்கயிற்றை அவிழ்த்த கை சில மாதங்களில் நாடாவையும் அவிழ்த்தது. இரண்டும் ஒரே வினை என்பதைச் சிகிச்சையாளர் முதல்நாளே கண்டிருந்தார்.

நாடா அவிழ்ப்பது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர், மலையில் பள்ளிக்கூடம் எப்படி இயங்குகிறது என்பதை அறியாதவர். ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடும் பள்ளத்தாக்கும் கிடக்கும் நிலத்தில், பிள்ளைகள் பலரின் படிப்பு அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளை நம்பி இருக்கிறது. அங்கே தங்கும் குழந்தை தானே குளிக்கவேண்டும், தானே உடுத்தவேண்டும், தட்டைத் தானே கழுவி வைக்கவேண்டும், இரவில் தானே எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வரவேண்டும். விடுதிக் காப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளைக்கு நாடா அவிழ்த்துவிட அவரிடம் ஆளில்லை. ஆகவே நாடா அவிழ்க்கத் தெரியாத குழந்தை ஒரு வாரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடும். எழுத்தறிவுக்கும் அதற்கும் நடுவே நிற்பது அந்த நாடாதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டு அட்டை தருகிறோம். அட்டை தேவைதான், உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் அதுதான் வழி. ஆனால் எழுபது சதவீதம் என்று எழுதிய கை, இந்தப் பிள்ளை தானே கழுவிக்கொள்ளுமா என்று எழுதுவதில்லை. விடுதிக் கதவு திறப்பது அந்த இரண்டாவது பதிலைப் பொறுத்து.

இனி இடம். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜமுனாமரத்தூரோ மலையின் நகரம். அதைத் தாண்டி உள்ளொடுங்கிய சிற்றூர்களிலிருந்து அந்த நகரத்துக்கு வருவதே ஒரு பயணம். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்ததும், சாலையில்லாமல் தாய் அவ்வுடலைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் நாளேடுகளில் வந்தன. உயிர்போகும் விஷத்துக்கே இறங்கமுடியாத பாதையில், முளை செருகுவதற்காக வாரம் ஒருமுறை இறங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவரை என்னவென்று சொல்வது? இரண்டு முறை வந்தார்களே, அதுவே அந்தத் தாய்மார்களின் அக்கறைக்குப் போதுமான சான்று. ஒருநாள் கூலி, பேருந்துக் கட்டணம், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள், இத்தனையையும் கொடுத்து அவர்கள் வாங்கிச் சென்றது நாற்பத்தைந்து நிமிடம்.

சமவெளியின் நினைவில் இம்மலை எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோடை விழா, பீமன் அருவி, சாமை அரிசி, தேன். கொஞ்சம் நினைவாற்றல் உள்ளவர்க்கு 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப்போனதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர். அவர்களில் சிலர் இம்மலையின் மக்கள். பிழைப்புக்காக வெளியேறும் பெற்றோர், பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் என்ற நிலைமை சிகிச்சைக்கு வெளியே இருக்கும் சமூகவியல் தகவல் அன்று. யாருக்குக் கற்றுத்தருவது என்ற கேள்விக்கே அதில்தான் விடை இருக்கிறது. தாயை எதிர்பார்த்து வருகைப்பதிவேடு வைத்திருக்கும் மையத்துக்குப் பாட்டி கண்ணில் படுவதில்லை.

நாம் சொல்வது ஏதோ கிராமிய மோகம் என்று ஒதுக்குவோர்க்காக, இத்துறையே தன் ஆய்வுகளில் என்ன கண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2009இல் ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக்கும் உடனாய்வாளர்களும், மூளை முடக்குவாதம் உள்ள 36 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். குழந்தையும் குடும்பமும் விரும்பிய இலக்குகளைக் கேட்டறிந்து, அவற்றைப் பெற்றோரே வீட்டில் பழக்கும்படி திட்டமிட்டு, சிகிச்சையாளர் துணைநின்றார். எட்டு வாரத்தில், அப்படித் திட்டம் பெறாத குழந்தைகளைவிடப் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பெற்றோர் செலவிட்டது சராசரியாக மாதம் 17 அல்லது 18 முறை, முறைக்குப் பதினாறரை நிமிடம். அவ்வளவே. ஒரு முறம் சாமை புடைத்து முடிக்கும் நேரம். 2019இல் அதே நோவாக், இங்க்ரிட் ஹோனனோடு சேர்ந்து, குழந்தைகளுக்கான ஆகுபேஷனல் தெரபி பற்றிய 129 ஆய்வுக்கட்டுரைகளை ஒருங்கே வைத்து எடைபோட்டார். இன்ன குறைபாட்டுக்கு இன்ன சிகிச்சை என்று 135 இணைகளைச் சோதித்ததில், தயங்காமல் செய்யலாம் என்று தேறியவை 40 மட்டுமே. தேறியவற்றின் பொதுப்பண்பு என்ன? குழந்தைக்கு வேண்டிய செயலையே நேராகப் பழகுதல், இயல்பான சூழலில் பழகுதல், பெற்றோரைப் பயிற்றுநராக்குதல், குழந்தை தானே முயன்று விடை கண்டுபிடிக்க விடுதல். முதலில் தசையைச் சரிசெய்வோம், புலன்களைச் சரிசெய்வோம், செயல் பின்னால் தானாக வரும் என்று அடியிலிருந்து தொடங்கும் முறைகள் பெரும்பாலும் பின்தங்கின.

ஊஞ்சல் அறைகளைப் பற்றி இங்கே ஒரு சொல். அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ் புலன் ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டை 1972இல் நூலாக வெளியிட்டார். தொடுதல், அசைவு, சமநிலை ஆகியவற்றின் உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்தத் தவறும்போது குழந்தையின் கற்றல் தடுமாறுகிறது என்பது அவர் கருத்து. ஆழ்ந்த அறிஞர், குழந்தைகளை உற்று நோக்கியவர். அவரது பெயரால் நம் நகரங்களில் முளைத்த அறைகளுக்கு அவர் பொறுப்பல்லர். தொங்கும் ஊஞ்சல், வண்ணப் பந்துக்குளம், மினுங்கும் விளக்கு. திறப்பு விழாவுக்கு இதைவிட எடுப்பான புகைப்படம் கிடைக்காது, நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கச் சுவரும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2012இல், இவ்வகைச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று குறைவு, முழுச் சிகிச்சைத் திட்டத்தின் ஓர் உறுப்பாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றோரை எச்சரித்தது. ஊஞ்சல் கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. ஊஞ்சல் ஆடினால் குழந்தைக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு மலையில் ஆலம்விழுதும் புளியங்கிளையும் இருக்கின்றன. காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை 1986இல் நிறுவிய நாடு இது. மலைமீது உண்மையில் தேவைப்படும் கருவியை ஏற்ற நமக்கு வகை தெரியும். இங்கே ஏறவேண்டியது பந்துக்குளம் அன்று, ஆள்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. மலையடிவாரத்துக்கு அண்மையிலேயே இதன் வரலாறு கிடக்கிறது. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கை நேரானதால் பிச்சையும் குறைந்தது! அறுவையோடு முடியாத காரியம் இது என்று கண்ட பிராண்ட், நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பையும் தச்சுப்பட்டறையையும் உருவாக்கினார். வலி உணராத கையைப் புண்ணாக்காத கைப்பிடிகளோடு அங்கே வேலை நடந்தது. பொம்மைகள் செய்தார்கள். கை தேறியது அங்கேதான். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் முயற்சியில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. அதற்கும் முன்பே, 1950இல், பம்பாயில் கமலா நிம்ப்கர் இத்துறைக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். வெளியே பார்த்தால், மெக்சிகோவின் மலைக்கிராமமொன்றில் ஊனமுற்ற இளைஞர்களே நடத்திய மறுவாழ்வுப் பணியிலிருந்து பிறந்த டேவிட் வெர்னரின் ‘ஊனமுற்ற கிராமக் குழந்தைகள்’ நூல் 1987இல் வந்துவிட்டது. மரத்துண்டையும் பழைய டயரையும் கொண்டு அங்கேயே நாற்காலியும் ஊன்றுகோலும் செய்துகொள்ளலாம் என்பதைப் படம் வரைந்து காட்டிய நூல் அது. நம் மாநிலத்தின் தென்கோடியிலும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ஊரூராகப் பணியாளரை வீட்டுக்கு அனுப்பிக் குழந்தைகளைப் பழக்குகிறது. வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு, இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது: ஆட்டுக்கயிறு, புளி, முறம் என்று சொல்லி ஊனமுற்ற பிள்ளைகளை வேலைக்குப் பூட்டப் பார்க்கிறீர்கள். இல்லை. புளியங்கொட்டை எடுப்பது கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பற்றப் பழகும் அருமையான வாய்ப்பு என்பது மெய். ஆனால் பத்துக் கொட்டை வரை அது விளையாட்டு. கூடை நிறையவேண்டுமென்றால் அது கூலி. எல்லையைக் குழந்தை சொல்லும், எழுந்து ஓடிவிடும், அப்போது விட்டுவிடவேண்டும். மேலும் விளையாட்டும் குழந்தையின் தொழிற்பெயர்தான். சொட்டாங்கல் ஆடுகிற கையைப் பாருங்கள்: ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே கிடப்பதை வாரி, விழுவதைப் பிடித்து, வாரியதை உள்ளங்கைக்குள்ளேயே ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. எந்த முளைப்பலகையும் கையிடம் இவ்வளவு கேட்பதில்லை. பல்லாங்குழியில் முத்துகளை ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளிப் போடுவதும் அப்படியே. கூட ஆட இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது இதன் கூடுதல் சிறப்பு.

இரண்டாவது வாதம் கனமானது. நம் பெண்ணிய நண்பர்கள் எழுப்புவது. ஏற்கெனவே விறகும் தண்ணீரும் கொல்லை வேலையும் சுமக்கும் பெண்ணின் தலையில் சிகிச்சையாளரின் வேலையையும் ஏற்றுகிறீர்களே? படம் போட்ட தாளொன்றை நீட்டி, “வீட்ல இதெல்லாம் தினமும் செய்யணும்மா” என்று அனுப்பிவைப்பதுதான் வீட்டுத் திட்டமென்றால் இந்தக் குற்றச்சாட்டு முழு உண்மை. இருபது பயிற்சிகள் அடங்கிய அத்தகைய தாள்கள் கூரை எரவாணத்தில் செருகிக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். செய்யவில்லை என்று தாயைத் திட்டும் உரிமை தாள் கொடுத்தவருக்கு எங்கிருந்து வந்தது? நாம் சொல்வது வேறு. தாய் எப்படியும் அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார், குளிப்பாட்டுகிறார், உடுத்துகிறார். அந்த நேரத்துக்குள்தான் சிகிச்சை நுழையவேண்டும். புதிய நேரத்தைக் கேட்கக்கூடாது. ஊட்டும்போது பிள்ளையின் முதுகை எங்கே சாய்ப்பது, பாதத்துக்கு அடியில் என்ன வைப்பது, கடைசிக் கவளத்தை எப்படி அதன் கையில் விடுவது. ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தானே உண்ணத் தொடங்கிய பிள்ளை, தாய்க்கு நாளொன்றுக்கு மூன்று வேளை நேரத்தைத் திருப்பித் தருகிறது. ஆஸ்திரேலிய ஆய்விலும் பெற்றோரைத் தனியே விடவில்லை. சிகிச்சையாளர் தொடர்ந்து விசாரித்தார், திருத்தினார், ஊக்கினார், முடிவில் அளந்தார். இந்தத் தொடர்ச்சி அறுந்தால் வீட்டுத் திட்டம் என்பது ஏமாற்று.

அளப்பது என்றதும் நம்மவர்க்கு வருகைக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். எத்தனை முகாம், எத்தனை பயனாளி, எத்தனை அமர்வு. கனடாவில் 1990களின் தொடக்கத்திலேயே இத்துறையினர் ஓர் அளவுகோல் செய்துவிட்டார்கள். குடும்பத்தையோ குழந்தையையோ கேட்டு, அவர்களுக்கு முதன்மையான சில செயல்களைத் தேர்ந்து, அதை இப்போது எவ்வளவு செய்யமுடிகிறது, அதில் எவ்வளவு நிறைவு என்று ஒன்று முதல் பத்துக்குள் அவர்களையே மதிப்பெண் இடச்சொல்வது. சில வாரம் கழித்து மீண்டும் கேட்பது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பத்துக் கொட்டைகளை வைத்து இதைச் சொல்லிவிடுவார். இந்த அளவுகோலின்படி முளைப் பலகைக்கு யாரும் மதிப்பெண் இடமாட்டார்கள், ஏனெனில் முளை செருக ஆசைப்பட்ட குழந்தை எதுவும் இல்லை.

2022இல் உலக வங்கி கடனுதவிக்கு ஒப்புதல் தந்த தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களும் வாகனங்களும் வந்திருக்கின்றன. நல்ல பெயர், விழுது இறங்கிய இடத்தில் வேர் பிடிக்கும். வட்டார வள மையங்களிலிருந்து வீடு தேடிச் செல்லும் சிறப்பாசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களில் சிலரது உழைப்பை நாம் அறிவோம். வாகனம் மலையேறட்டும். ஆனால் அதிலிருந்து இறங்குவது அதே முளைப்பலகையாக இருந்தால், அறைக்குச் சக்கரம் கட்டியதுதான் மிச்சம். நாம் கேட்பது ஆடம்பரமானதன்று. மலையூர்களைப் பிரித்துக்கொண்டு, ஒரே குடும்பத்துக்கு ஒரே சிகிச்சையாளர் ஓராண்டேனும் மாறாமல் செல்லவேண்டும். அவருக்கு மலைப்படியும் பெட்ரோலும் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். மலையிலேயே படித்த பெண்களைத் துணைப் பணியாளர்களாக எடுத்துப் பயிற்சி தரவேண்டும். பாட்டியின் பேச்சு அவர்களுக்குப் புரியும், மழைக்காலத்தில் பாதை அடைபட்டாலும் அவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அறிக்கையில் அமர்வுக் கணக்குக்குப் பதிலாக, இந்தக் குழந்தை போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் தானே செய்கிறது என்று ஒரு வரி எழுதவேண்டும்.

காலத்தையும் கவனிக்கவேண்டும், அதுவும் வினையின் ஆறில் ஒன்று. உண்டு உறைவிடப் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. சேரும் வயதிலுள்ள, குறைபாடுடைய பிள்ளைகளின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டிலும் பள்ளிசாராப் பிள்ளைகளின் கணக்கெடுப்பிலும் கிடைக்கும். அந்த வீடுகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் ஒருவர் போய், விடுதியில் தங்க இந்தப் பிள்ளைக்கு இன்னும் எந்த ஒன்றிரண்டு காரியம் கைவரவேண்டும் என்று பாட்டியோடு உட்கார்ந்து பேசித் தொடங்கினால், பள்ளி திறப்பதற்குள் எட்டு வாரம் கிடைக்கிறது.